எந்த வரியிலும் சாகக்கூடிய வொர்க்கரை எழுதும் முறை

வேலை வரிசையிலிருந்து (கியூ) ஒரு வேலையை எடுத்து, அதைச் செய்து, முடிந்துவிட்டது என்று வரிசைக்குத் தெரிவிக்கும் நிரலின் மையப் பகுதி பத்து வரியைத் தாண்டாது. அதனால்தான் பலரும் அந்த நிரலை, அதாவது வொர்க்கரை, ஒரே பிற்பகலில் எழுதிவிட்டு, அடுத்த ஆறு மாதத்தை அதன் விசித்திரங்களைத் துரத்துவதில் கழிக்கிறார்கள். அந்தப் பத்து வரிகளுக்கு நடுவே எந்த இடத்திலும் பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) செத்துவிடலாம். நினைவகம் போதாமல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே அதைக் கொல்லலாம், புதிய பதிப்பை டிப்ளாய் செய்யும்போது நிறுத்தப்படலாம், சர்வரோடு இருந்த இணைப்பு அறுந்துபோகலாம். ஆகவே வொர்க்கரை எழுதும்போது ஒவ்வொரு வரியின் முடிவிலும் விரலை வைத்து, "இந்த இடத்தில் செத்தால் இந்த வேலைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

முதலில் உங்கள் கியூவைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேலையைப் பல கணினிகளுக்குப் பங்கிடும் கியூக்கள் ஒரே மாதிரி தோன்றினாலும், வொர்க்கர் இறந்தால் என்ன செய்வது என்பதில் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. 2005இல் பிறந்த கியர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள் ('மேனேஜர்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சூட்டிய பெயர் அது, வேலையைப் பிரித்துக் கொடுப்பதைத் தவிரத் தான் எதுவும் செய்வதில்லை என்ற கிண்டல்). அதில் வொர்க்கரின் இணைப்பு நடுவில் அறுந்தால் சர்வர் அந்த வேலையை இன்னொரு வொர்க்கரிடம் கொடுத்துவிடும். ஆனால் தனியாக அமைக்காவிட்டால் வரிசை முழுவதும் சர்வரின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். சர்வரே இறந்தால் வரிசையும் போய்விடும். ராபிட்எம்கியூவில் இணைப்பு அறுந்தால், 'வேலை முடிந்தது' என்ற ஒப்புகை வராத செய்திகள் வரிசைக்குத் திரும்பும்; இணைப்பு உயிரோடு இருந்தும் ஒப்புகை வரவில்லையென்றால் இயல்பாக 30 நிமிடம் பொறுத்திருந்து சேனலை (இணைப்புக்குள் இருக்கும் தனிப் பாதை) மூடிவிடும். அமேசான் எஸ்கியூஎஸ் இணைப்பைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. எடுத்த செய்தியை இயல்பாக 30 நொடி மறைத்துவைத்து, அதற்குள் நீங்கள் அழிக்காவிட்டால் மறுபடி வெளியே விடும்.

இன்னொரு வகையும் உண்டு. பைத்தான் நிரல்களுக்கான வேலை வரிசைக் கருவியான செலரி, நீங்கள் மாற்றிச் சொல்லாதவரை, வேலையைச் செய்யத் தொடங்குவதற்குச் சற்று முன்பே ஒப்புகையை அனுப்பிவிடும். ரூபி நிரல்களுக்கான சைட்கிக்கின் கட்டணமில்லாப் பதிப்பு, வேலையை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தின் பட்டியலிலிருந்து எடுக்கும் கணத்திலேயே நீக்கிவிடும். இவற்றில் பிராசஸ் திடீரென்று கொல்லப்பட்டால் கையிலிருந்த வேலை சுவடில்லாமல் மறைந்துபோகும். எக்செப்ஷன் (நிரலுக்குள்ளேயே பிடிக்கக்கூடிய பிழை) எழுந்தால் மறுமுயற்சி நடக்கிறதே என்று நம்பி இருப்பவர்கள், எக்செப்ஷன் எழுவதும் பிராசஸ் கொல்லப்படுவதும் வேறு வேறு என்பதைப் பெரும்பாலும் தாமதமாகவே அறிந்துகொள்கிறார்கள். எனவே நிரலைத் தொடும் முன் உங்கள் கியூவின் ஆவணத்தில் மூன்று விவரங்களைத் தேடி எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒப்புகை எப்போது போகிறது, வொர்க்கர் இறந்ததைக் கியூ எப்படி அறிகிறது, எவ்வளவு நேரம் கழித்து அறிகிறது.

சிறிய அளவிலான வேலைக்குத் தனிக் கியூ சர்வரே தேவையில்லை என்பது என் எண்ணம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9.5 பதிப்பில், அதாவது 2016 ஜனவரியில் வந்த 'ஸ்கிப் லாக்ட்' வசதியைக் கொண்டு, பிறர் பூட்டிவைத்த பதிவுகளைத் தாண்டி அடுத்த பதிவை எடுக்கும்படி ஒரு அட்டவணையையே வரிசையாக்கிக்கொள்ளலாம். வேலையும் தரவும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதால், கீழே பேசப்போகும் சிக்கல்களில் பாதி தானாகவே மறையும்.

எடுத்தல், செய்தல், ஒப்புகை

மூன்று செயல்களில் ஒப்புகையை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முதல் முடிவு. முன்னால் வைத்தால் வேலை அதிகபட்சம் ஒரு முறை நடக்கும், நடக்காமலும் போகலாம். பின்னால் வைத்தால் குறைந்தபட்சம் ஒரு முறை நடக்கும். இரண்டு மூன்று முறையும் நடக்கலாம். 'சரியாக ஒரே முறை' என்று மூன்றாவது வழி எதுவும் இல்லை. வேலையை முடித்த வொர்க்கர் ஒப்புகை அனுப்புவதற்கு முந்தைய கணத்தில் இறந்தால், வேலை முடிந்ததா இல்லையா என்பதைக் கியூவால் அறிய முடியாது. மறுபடி கொடுப்பதா கைவிடுவதா என்பதை அது முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். ஒரு சில மாதிரி அளவீடுகளைத் திரட்டும் வேலை போன்ற, தவறினாலும் பரவாயில்லை என்ற வகையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒப்புகையைப் பின்னால் வையுங்கள். இரட்டிப்பாக நடப்பதைச் சமாளிக்கும் பொறுப்பை வொர்க்கரிடம் கொடுங்கள். தொலைந்துபோன வேலையைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட இரண்டாம் முறை வந்த வேலையை அடையாளம் காண்பது எளிது.

இதன் எலும்புக்கூடு இப்படி இருக்கும்:

    நிறுத்து = பொய்
    சிக்டெர்ம் (நிற்கச் சொல்லும் சிக்னல்) வந்தால்: நிறுத்து = மெய்

    நிறுத்து பொய்யாக இருக்கும்வரை:
        வேலை = கியூ.எடு(காத்திரு 5 நொடி)
        வேலை இல்லையென்றால்: மேலே போ
        வேலை.எண்ணிக்கை > 8 என்றால்: ஒதுக்கிவை, மேலே போ
        முயல்:
            செய்(வேலை)
            கியூ.ஒப்புகை(வேலை)
        பிழை தற்காலிகமானது என்றால்:
            கியூ.திருப்பு(வேலை, தாமதம்)
        பிழை நிரந்தரமானது என்றால்:
            ஒதுக்கிவை(வேலை)

இந்தச் சிறு துண்டில் ஒவ்வொரு வரியும் தனித்தனியே விவாதிக்கத் தக்கது. 'செய்' என்ற ஒற்றைச் சொல்லில் ஒளிந்திருப்பதிலிருந்து தொடங்குவோம்.

ஒரு வேலையை அருகிலிருந்து பார்த்தல்

ஆர்டர் ஒன்றுக்கு ரசீது அனுப்பும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் எண் 4817. வொர்க்கர் நான்கு காரியங்களைச் செய்கிறது: ரசீதைப் பிடிஎஃப் ஆக உருவாக்குகிறது, அதைக் கோப்புச் சேமிப்பகத்தில் ஏற்றுகிறது, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது, தரவுத்தளத்தில் 'ரசீது அனுப்பப்பட்டது' என்று குறிக்கிறது.

முதல் காரியத்தின் நடுவில் செத்தால் கவலை இல்லை. தற்காலிகக் கோப்பு ஒன்று குப்பையாக மிஞ்சும், அவ்வளவுதான். இரண்டாவதில் கோப்பின் பெயர் முக்கியமாகிறது. ஏற்றும்போதெல்லாம் புதிதாக ஒரு சமவாய்ப்பு எண்ணைச் சேர்த்துப் பெயர் வைத்தால், ஒவ்வொரு மறுமுயற்சியும் ஒரு புதிய கோப்பைப் பெற்றெடுக்கும். 'ரசீது-4817' என்று வேலையிலிருந்தே பெயரைப் பெற்றுக்கொண்டால், பத்து முறை ஏற்றினாலும் ஒரே கோப்புதான் இருக்கும். பெயரைச் சூழலிலிருந்து எடுக்காமல் வேலையின் உள்ளடக்கத்திலிருந்து எடுப்பது எந்தச் செலவும் இல்லாத பழக்கம்; அதைக் கைவிடாதீர்கள்.

நான்காவது காரியமும் எளிது. 'அனுப்பப்பட்டது' என்ற நிலையை நேரடியாக எழுதுவது எத்தனை முறை நடந்தாலும் ஒரே விளைவைத் தரும். 'அனுப்பிய எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு' என்று எழுதியிருந்தால் அப்படி இருக்காது. கூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், வேலையின் அடையாள எண்ணை மட்டும் கொண்ட ஒரு அட்டவணையை வைத்து, அதில் மீண்டும் வரக்கூடாத சாவியாக அந்த எண்ணைச் செருகும் செயலையும் கூட்டும் செயலையும், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது என்ற உறுதியைத் தரும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வையுங்கள். இரண்டாம் முறை வரும்போது செருகல் தோல்வியடையும், கூட்டலும் அதோடு சேர்ந்து ரத்தாகும், வொர்க்கர் அமைதியாக ஒப்புகையை அனுப்பிவிடலாம். 'முதலில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் செருகு' என்று இரண்டு படியாக எழுதினால், ஒரே வேலையை ஒரே சமயத்தில் வைத்திருக்கும் இரண்டு வொர்க்கர்களும் 'இல்லை' என்ற பதிலையே பெறும். பார்ப்பதும் செருகுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டும்.

சங்கடமானது மூன்றாவது. அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் பெற முடியாது. மின்னஞ்சல் சேவை உங்கள் தரவுத்தளத்தின் டிரான்ஸாக்‌ஷனில் பங்கெடுக்கவும் செய்யாது. மின்னஞ்சல் போய், குறிப்பதற்கு முன் செத்தால் வாடிக்கையாளருக்கு இரண்டு கடிதம் போகும். குறித்துவிட்டு அனுப்புவதற்கு முன் செத்தால் ஒன்றுமே போகாது. வெளிச் சேவை ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிச் சாவி ஒன்றை ஏற்றுக்கொள்ளுமானால் 'ரசீது-4817' என்பதையே சாவியாகக் கொடுங்கள். இரண்டாம் கோரிக்கையை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் அந்தச் சாவியை அது எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கும் என்பதையும் பாருங்கள். பணம் வசூலிக்கும் ஸ்ட்ரைப்பின் முதல் பதிப்பு ஏபிஐ, சாவிகளை 24 மணி நேரத்துக்குப் பிறகு அழித்துவிடக்கூடும் என்று சொல்கிறது. சைட்கிக்கோ இயல்பாக 25 மறுமுயற்சிகளைச் சுமார் மூன்று வார காலத்துக்குப் பரப்புகிறது. இரண்டையும் அப்படியே சேர்த்துப் பயன்படுத்தினால், நான்காம் நாள் நடக்கும் மறுமுயற்சி வங்கிக் கணக்கில் இரண்டாவது முறையாகக் கை வைக்கலாம். மறுமுயற்சியின் மொத்தக் காலம் சாவியின் ஆயுளைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது அதற்குப் பிறகு முயல்வதற்கு முன் பழைய வசூல் நடந்ததா என்று சேவையிடம் கேட்டுவிட வேண்டும்.

சாவியை ஏற்காத சேவையாக இருந்தால், இரண்டு தவறுகளில் எதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்று தேர்ந்தெடுப்பதைத் தவிர வழியில்லை. ரசீது இரண்டு முறை போகலாம். ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் கடவுச்சொல் போகாமல் இருந்தால் பயனர் மறுபடி கேட்டுக்கொள்வார். இந்தத் தேர்வைச் செய்யவேண்டியவர் நிரலாளர் மட்டுமல்ல. யாருடைய வாடிக்கையாளரோ அவரிடமும் கேட்டுவிட்டு, முடிவைக் குறிப்புரையாக நிரலிலேயே எழுதிவையுங்கள்.

நான்கு காரியங்களையும் ஒரே வேலையாக வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியும் இங்கே எழும். மின்னஞ்சல் சேவை ஒரு மணி நேரம் படுத்துவிட்டால், ஒவ்வொரு மறுமுயற்சியிலும் பிடிஎஃப் புதிதாக உருவாக்கப்படும். உருவாக்கி ஏற்றுவதை ஒரு வேலையாகவும் அனுப்பிக் குறிப்பதை இன்னொரு வேலையாகவும் பிரித்து, முதல் வேலையின் கடைசிச் செயலாக இரண்டாவதைக் கியூவில் போட்டால், சாகக்கூடிய இடங்களும் குறையும், மறுமுயற்சியின் செலவும் குறையும்.

குத்தகைக் காலம்

எஸ்கியூஎஸ் செய்தியை மறைத்துவைக்கும் நேரம், பீன்ஸ்டாக்டி என்ற கியூ வேலைக்கு ஒதுக்கும் நேரம், ரெடிஸோடு செலரி வைத்துக்கொள்ளும் ஒரு மணி நேரக் கெடு ஆகிய எல்லாவற்றையும் குத்தகை என்றே நினைத்துக்கொள்ளலாம். வேலை உங்களுடையது அல்ல. குறிப்பிட்ட நேரத்துக்கு உங்களிடம் விடப்பட்டிருக்கிறது. நேரம் கடந்தால், நீங்கள் உயிரோடு இருந்து வேலை செய்துகொண்டிருந்தாலும், அது இன்னொருவருக்குப் போய்விடும். முப்பது நொடிக் குத்தகையில் நாற்பது நொடி வேலையைப் போட்டால், ஒவ்வொரு வேலையும் குறைந்தது இரண்டு முறை நடக்கும், சுமை கூடும், சுமை கூடியதால் இன்னும் தாமதமாகும், தாமதமானதால் மூன்று முறை நடக்கும். செலரியிலோ, குத்தகைக் காலத்தைவிடத் தொலைவான நேரத்துக்குத் தள்ளிவைத்த வேலைகள் மீண்டும் மீண்டும் ஓடுவது அதன் ஆவணத்திலேயே எச்சரிக்கப்பட்டிருக்கும் பழைய கதை.

வேலைகளின் நேரத்தை அளந்து, நூறில் 99 வேலைகள் முடியும் நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு குத்தகை வையுங்கள். சில வேலைகள் மட்டும் நீளமானவை என்றால், குத்தகையை மொத்தமாக நீட்டாமல் நடுவில் புதுப்பியுங்கள். பீன்ஸ்டாக்டியில் 'டச்' என்ற கட்டளை அதற்காகவே இருக்கிறது, எஸ்கியூஎஸ்ஸில் செய்தியின் மறைவு நேரத்தை மொத்தம் 12 மணி நேரம்வரை நீட்டலாம். புதுப்பிப்பதை, பிராசஸுக்குள் இணையாக ஓடும் தனி த்ரெட்டில் விடுவது வழக்கம். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதன்மை த்ரெட் எங்கோ பதில் வராத இணைப்பில் மாட்டிக்கொண்டு உறைந்திருக்க, புதுப்பிக்கும் த்ரெட் மட்டும் உற்சாகமாக 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வேலை யாருக்கும் கிடைக்காமல் நாள் முழுவதும் பிணைக்கைதியாகக் கிடக்கும். எனவே புதுப்பித்தலுக்கு உச்சவரம்பு வையுங்கள். வெளிச் சேவையை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் டைம்அவுட்டை (காத்திருக்கும் உச்ச நேரம்) நீங்களே எழுதுங்கள்; பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், சொல்லாவிட்டால், முடிவில்லாமல் காத்திருக்கும்.

குத்தகை முடிந்ததை அறியாத வொர்க்கர் இன்னும் ஆபத்தானது. நினைவகத் துப்புரவுக்காக ஒரு நிமிடம் உறைந்துவிட்டு விழித்தெழும் பிராசஸுக்கு, தான் தூங்கியதே தெரியாது. வேலை வேறொருவருக்குப் போய் முடிந்தும்விட்டது என்பதும் தெரியாது. தன் பழைய முடிவை அப்படியே தரவுத்தளத்தில் எழுதப் பார்க்கும். இதைத் தடுக்க, வேலையைக் கையில் எடுக்கும்போதே பதிவில் முயற்சி எண் ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டு, முடிவை எழுதும்போது 'முயற்சி எண் இன்னும் என்னுடையதாக இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையைச் சேருங்கள். மாறியிருந்தால் எந்தப் பதிவும் திருத்தப்படாது. வொர்க்கர் தன் முடிவைக் கைவிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

மரியாதையாக நிற்பது

நல்ல வொர்க்கர் எப்படித் தொடங்குகிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் நாளொன்றுக்குப் பலமுறை டிப்ளாய் செய்யும் இடத்தில் அது அத்தனை முறையும் நிறுத்தப்படுகிறது. நிறுத்த விரும்பும் மேலாளர் நிரல் முதலில் சிக்டெர்ம் என்ற சிக்னலை அனுப்பி, சற்றுப் பொறுத்து, இன்னும் நிற்காவிட்டால் மறுக்க முடியாத சிக்கில்லை அனுப்பும். அந்தப் பொறுமை டாக்கரில் இயல்பாக 10 நொடி, குபெர்நெட்டீஸில் 30 நொடி, சிஸ்டம்டியில் 90 நொடி, சூப்பர்வைசர்டியில் 10 நொடி. உங்கள் வேலை இருபது நொடி எடுக்குமானால் டாக்கரின் இயல்பான பொறுமை போதாது. நீட்டுங்கள், அல்லது வேலையைச் சிறிதாக்குங்கள்.

சிக்னலைப் பெறும் பகுதியில் ஒரு கொடியை ஏற்றுவதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். மேலே உள்ள எலும்புக்கூட்டில் 'நிறுத்து = மெய்' என்பது அவ்வளவே. கையிலிருக்கும் வேலை முடியும், ஒப்புகை போகும், சுழற்சி தன் நிபந்தனையைப் பார்த்து வெளியேறும். கியூவிலிருந்து எடுக்கும்போது 5 நொடி மட்டும் காத்திருப்பதற்கும் இதுவே காரணம்: காலியான கியூவின் முன் முடிவில்லாமல் காத்திருக்கும் வொர்க்கர் கொடியைத் திரும்பிப் பார்க்கவே பார்க்காது. முன்கூட்டியே பல வேலைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் வகையாக இருந்தால், தொடங்காதவற்றை நிற்கும்முன் திருப்பிக் கொடுங்கள். நீளமான வேலைகளுக்கு இந்த முன்கூட்டி எடுக்கும் எண்ணை ஒன்றாகவே வையுங்கள். ஒரு வொர்க்கரின் மடியில் நான்கு வேலை தூங்க, பக்கத்தில் மூன்று வொர்க்கர்கள் சும்மா இருப்பது கண்ணுக்குத் தெரியாத வீண்.

கண்டெய்னரில் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழல்) ஓடும் வொர்க்கருக்கு இன்னொரு சோதனை உண்டு. தொடக்கக் கட்டளையை ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) வழியாக எழுதியிருந்தால் ஷெல்லே பிராசஸ் எண் 1 ஆகிவிடக்கூடும். அது சிக்டெர்மை உங்கள் நிரலுக்குக் கடத்தாது. நிரலே எண் 1 ஆக இருந்தாலும், சிக்னலைப் பெறும் பகுதியை நீங்கள் எழுதாவிட்டால் கெர்னல் அதை அலட்சியப்படுத்தும். இரண்டு நிலையிலும் அறிகுறி ஒன்றே: ஒவ்வொரு நிறுத்தமும் பொறுமைக் காலம் முழுவதையும் தின்றுவிட்டு, வெளியேறும் எண் 137 உடன் முடியும். 128உடன் சிக்கில்லின் எண் 9ஐக் கூட்டினால் வருவது அது. நினைவகப் பற்றாக்குறையால் கொல்லப்பட்டாலும் இதே எண்தான் வரும் என்பதால், எது நடந்தது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

நினைவகம் கசியும் நூலகங்களுக்கு அஞ்சி, ஆயிரம் வேலைக்கு ஒருமுறை வொர்க்கர் தானே வெளியேறி மறுபடி பிறப்பது பழைய, பயனுள்ள உத்தி. அதை நான் முதன்முதலில் செய்தபோது, வெளியேறும் எண்ணாகப் பூஜ்யத்தைக் கொடுத்தேன்; ஒழுங்காக முடிந்தது என்றுதானே பொருள். சூப்பர்வைசர்டியின் இயல்பான அமைப்போ எதிர்பாராத வெளியேற்றத்துக்கு மட்டுமே மறுதொடக்கம் செய்யும். பூஜ்யம் எதிர்பார்த்த வெளியேற்றம். வொர்க்கர்கள் ஒவ்வொன்றாக ஆயிரமாவது வேலையை முடித்து நிம்மதியாக ஓய்வு பெற்றன. பிழைச் செய்தி ஒன்றுகூட லாக்கில் இல்லை. மறுநாள் காலையில் வரிசை மட்டும் மலைபோல் நின்றது. 'ஆட்டோரீஸ்டார்ட்' என்பதை எப்போதும் மெய்யாக வைத்திருக்கிறீர்களா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

தோல்வியும் நஞ்சான வேலையும்

தோல்விகளை இரண்டாகப் பிரியுங்கள். இணைப்பு அறுந்தது, சேவை நெரிசலில் இருக்கிறது என்பவை தற்காலிகமானவை; மறுபடி முயலலாம். ஆர்டரே அழிக்கப்பட்டுவிட்டது, முகவரியே தவறு என்பவை நிரந்தரமானவை. நூறு முறை முயன்றாலும் அதே பதில்தான். எதில் சேர்ப்பது என்று தெரியாத பிழையைத் தற்காலிகமாகவே கருதுங்கள், ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். மறுமுயற்சிகளுக்கு இடையே உள்ள தாமதம் மடங்கு மடங்காகக் கூடட்டும், அதில் ஒரு சமவாய்ப்புப் பகுதியும் கலந்திருக்கட்டும். கலக்காவிட்டால், தரவுத்தளம் ஒரு கணம் தடுக்கியபோது ஒன்றாகத் தோற்ற ஐயாயிரம் வேலைகளும் சரியாக 60 நொடி கழித்து ஒன்றாகவே திரும்பிவந்து, எழுந்து நின்ற தரவுத்தளத்தை மறுபடி விழவைக்கும். தாமதத்தை வொர்க்கருக்குள் தூங்கிக் கழிக்காதீர்கள். வேலையைத் தாமதத்தோடு கியூவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

முயற்சிகளை எங்கே எண்ணுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிழையைப் பிடிக்கும் பகுதியில் எண்ணினால், பிழையாக வெளிப்படும் தோல்விகள் மட்டுமே எண்ணப்படும். ஒரு வேலையின் உள்ளீடு மிகப் பெரிய படமாக இருந்து, அதைத் திறக்கும்போது நினைவகம் நிரம்பிக் கெர்னல் பிராசஸைக் கொன்றுவிட்டால், பிடிக்கும் பகுதிவரை நிரல் போகவே போகாது. குத்தகை முடிந்து வேலை அடுத்த வொர்க்கருக்குப் போகும், அதையும் கொல்லும், பிறகு அதற்கடுத்ததை. ஒரே ஒரு வேலை, முயற்சி எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்க, வொர்க்கர் படை முழுவதையும் வரிசையாக வீழ்த்தும். அதனால்தான் எலும்புக்கூட்டில் எண்ணிக்கையைப் பார்க்கும் வரி 'செய்' என்பதற்கு முன்னால் இருக்கிறது. அது எத்தனை முறை தோற்றது என்பதல்ல, எத்தனை முறை கையில் கொடுக்கப்பட்டது என்பதே எண்ணப்பட வேண்டும். எஸ்கியூஎஸ் இந்த எண்ணைச் செய்தியோடு சேர்த்தே தரும். ராபிட்எம்கியூவின் குவோரம் கியூக்களுக்கு (பல சர்வர்களில் நகல் வைக்கும் வகை) 4.0 பதிப்பிலிருந்து இயல்பான வரம்பு 20.

வரம்பைத் தாண்டிய வேலைகளை அழிக்காமல், தோற்றவற்றை ஒதுக்கிவைக்கும் தனி வரிசையான டெட் லெட்டர் கியூவுக்குத் தள்ளுங்கள். பீன்ஸ்டாக்டியில் 'பரி' என்று புதைத்து, 'கிக்' என்று மீட்கலாம். ஒதுக்கிவைத்த வேலையோடு கடைசிப் பிழையையும், எந்தப் பதிப்பு நிரலில் நடந்தது என்பதையும் சேர்த்து வையுங்கள். அந்தக் கியூவில் ஒரு வேலை விழுந்தாலே யாருக்காவது தகவல் போக வேண்டும். யாரும் பார்க்காத டெட் லெட்டர் கியூ, வேலையை அழிப்பதற்கு நாகரிகமான பெயர்.

வேலைக்குள் என்ன இருக்க வேண்டும்

ஆர்டர் முழுவதையும் வேலைக்குள் அடைக்காதீர்கள்; 4817 என்ற எண் போதும். வொர்க்கர் தொடங்கும்போது அன்றைய நிலையைத் தரவுத்தளத்திலிருந்து படித்துக்கொள்ளும். வேலையின் வடிவம் மாறும் என்பதால் பதிப்பு எண் ஒன்றையும் சேருங்கள். புதிய வடிவத்தைப் புரிந்துகொள்ளும் வொர்க்கர்கள் முதலில் டிப்ளாய் ஆக வேண்டும், அதை உருவாக்கும் நிரல் பிறகு. வரிசையில் பழைய வடிவ வேலைகள் நாள்கணக்கில் காத்திருக்கக்கூடும் என்பதால் பழையதைப் படிக்கும் நிரலை அவசரமாக நீக்காதீர்கள்.

டிரான்ஸாக்‌ஷன் முடியும் முன் வேலையைக் கியூவில் போடுவது இன்னொரு பழைய தவறு. வொர்க்கர் மின்னல் வேகத்தில் எடுத்து ஆர்டரைத் தேடும். ஆர்டர் இன்னும் தரவுத்தளத்தில் பிறந்திருக்காது. டிரான்ஸாக்‌ஷனுக்குப் பின் போட்டால், நடுவில் செத்தால் வேலையே பிறக்காது. இரண்டையும் தவிர்க்க, அதே டிரான்ஸாக்‌ஷனில் 'அனுப்பவேண்டியவை' என்ற அட்டவணையில் எழுதிவிட்டு, வேறொரு சிறு பிராசஸ் அதைப் படித்துக் கியூவில் போடும்படி அமைக்கலாம். அந்தச் சிறு பிராசஸும் சில சமயம் இரண்டு முறை போடும்; அதைச் சமாளிக்க வொர்க்கர் ஏற்கெனவே பழகியிருக்கிறது.

எத்தனை வொர்க்கர்

நொடிக்கு 20 வேலை வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக அரை நொடி எடுக்கிறது என்றால், எந்த நேரத்திலும் சராசரியாக 10 வேலை நடந்துகொண்டிருக்கும். பத்து வொர்க்கர் வைத்தால் மூச்சுவிட இடமில்லை; வரிசை வளர்ந்துகொண்டே போகும். பதினைந்து வைத்து, பிறகு அளந்து பாருங்கள். ஆனால் கூட்டும்முன் தரவுத்தளம் எத்தனை இணைப்பைத் தாங்கும் என்று பாருங்கள். தாய்ப் பிராசஸ் திறந்த தரவுத்தள இணைப்பைப் பிள்ளைப் பிராசஸ்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. பிரிந்த பிறகு ஒவ்வொன்றும் தனக்கென்று திறந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இன்னொருவர் காதில் விழும்.

கண்காணிப்பில் வரிசையின் நீளத்தைவிட, வரிசையில் மிகப் பழைய வேலையின் வயதையே நான் நம்புகிறேன். பத்தாயிரம் வேலை இருந்தும் மிகப் பழையது நான்கு நொடிதான் என்றால் எல்லாம் நலம். மூன்றே வேலை இருந்து அதில் ஒன்று ஆறு மணி நேரமாகக் காத்திருந்தால் எங்கோ ஒரு வொர்க்கர் இறந்திருக்கிறது, அல்லது இறந்ததைக் கியூ இன்னும் அறியவில்லை.

கொன்று பார்ப்பது

கடைசியாகச் செய்யவேண்டியது, வொர்க்கரைக் கொல்வது. ரசீது வேலையின் நான்கு காரியங்களுக்கு நடுவிலும், கடைசிக் காரியத்துக்கும் ஒப்புகைக்கும் நடுவிலும், சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) ஒன்றைப் பார்த்துத் தனக்கே சிக்கில் அனுப்பிக்கொள்ளும் ஒரு வரியைச் சோதனைப் பதிப்பில் செருகுங்கள். ஆக நான்கு இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் 200 ஆர்டர்களைக் கியூவில் போட்டு, பத்தில் ஒரு வேலை அந்த இடத்தில் செத்துவிழும்படி ஓடவிடுங்கள். மின்னஞ்சலுக்குப் பதிலாக, வந்த கோரிக்கைகளை எண்ணும் போலிச் சேவை ஒன்றை வையுங்கள். எல்லாம் ஓய்ந்தபின் எண்ணுங்கள்: 200 கோப்புகள், 200 'அனுப்பப்பட்டது' குறிகள், காலியான வரிசை, காலியான டெட் லெட்டர் கியூ. மின்னஞ்சல் எண்ணிக்கை மட்டும் மூன்றாவது காரியத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் கொன்ற சுற்றிலும், ஒப்புகைக்கு முன் கொன்ற சுற்றிலும் 200ஐத் தாண்டக்கூடும். தனிச் சாவி கொடுத்திருந்தால் கோரிக்கைகள் கூடினாலும் சாவிகள் 200தான் இருக்க வேண்டும். கோப்புகள் 199 என்று வந்தால், ஒப்புகை நீங்கள் நினைத்த இடத்தில் போகவில்லை.